பத்தே பத்து ஓட்டு

(அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் பேர் சொல்லப் போவது மேயராகச் செய்த வேலையா, நாடாளுமன்றத்தில் செய்த வேலையா?" 'மேயராகச் செய்த வேலையே' அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். அவைக்கு வணக்கம். பதினஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, மீதி வணக்கத்தையெல்லாம் சாப்பாட்டு வரிசையில நேர்ல வந்து சொல்லிக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் இப்பத்தான் உட்கார்ந்தார். பிரதிநிதிகள் சபை, செனட், திருத்தம், குழுத் தலைவர் பதவி, ரெண்டு தடவை ஜனாதிபதி வேட்பாளர் ஆகப் போட்டின்னு அடுக்கினார் பாருங்க, எனக்கே கை தட்டணும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் தட்டியே விட்டார். பார்த்துட்டேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன். ஆனா அண்ணன் ஒரு தேதியை மட்டும் நைசா விழுங்கிட்டார். 1981 மார்ச் 3. அதைச் சொன்னா அவர் கட்சி இந்த மேடையிலேயே படுத்துடும்னு அவருக்குத் தெரியும்.

அன்னைக்கு வெர்மான்ட் மாநிலத்துல, ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில இருக்கிற பர்லிங்டன் நகரத்துக்கு மேயர் தேர்தல். நாற்காலியில இருந்தவர் கோர்டன் பக்கெட். ஜனநாயகக் கட்சி, பத்து வருஷமா மேயர். மறுபடியும் அவர்தான்னு ஊரே முடிவு பண்ணியாச்சு. குடியரசுக் கட்சி ஆளையே நிறுத்தல. எதுக்கு வீணா செலவுன்னு விட்டுட்டாங்க.

எதிர்த்து நின்னவர் யாரு? முப்பத்தொன்பது வயசு. தலை சீவின மாதிரியும் இருக்காது, சீவாத மாதிரியும் இருக்காது. வெர்மான்ட்ல பொறந்தவரும் இல்ல, வாயைத் திறந்தா நியூயார்க் புரூக்ளின் பேச்சு. தச்சு வேலை பார்த்தவர். பள்ளிக்கூடங்களுக்குப் படச்சுருள் தயாரிச்சு வித்தவர். அதுக்கு முன்னாடி நாலு தேர்தல்ல நின்னு நாலுலயும் தோத்தவர். எவ்வளவு ஓட்டு வாங்கினார்னு கேளுங்க. 1972-ல செனட்டுக்கு நின்னார், ரெண்டு சதவீதம். அதே வருஷம் கவர்னருக்கு நின்னார், ஒரு சதவீதம். 1974-ல நாலு சதவீதம். 1976-ல ஆறு சதவீதம். நம்ம வீட்டுப் பிள்ளை இப்படி மார்க் வாங்கிட்டு வந்தா என்ன செய்வோம்? ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துக் கூடப் போட மாட்டோம். இந்த மனுஷன் 'ஒண்ணு ஆறாயிடுச்சு, நல்ல வளர்ச்சி'ன்னு அஞ்சாவது பரீட்சைக்குக் கிளம்பிட்டார்.

ராத்திரி ஓட்டு எண்ணினாங்க. அப்புறம் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாங்க. கடைசியா வந்த கணக்கு: சாண்டர்ஸ் 4,330. பக்கெட் 4,320.

பத்து ஓட்டு. பத்தாயிரம் இல்ல, ஆயிரம் இல்ல, நூறு இல்ல. பத்து!

இந்த ஹால்ல முதல் வரிசையைப் பாருங்க. பத்து நாற்காலி போட்டிருக்காங்க. அவ்வளவுதான் ஐயா வித்தியாசம். அதுலயும் மூணு நாற்காலி காலி. உட்கார்ந்திருந்தவங்க போண்டா வாசனைக்கு எழுந்து போயிட்டாங்க. அன்னைக்கு பர்லிங்டன்லயும் இப்படி நாலு பேர் எழுந்து போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? இங்க கணக்குல கெட்டிக்காரங்க நிறைய பேர் இருக்கீங்க, நீங்களே போட்டுப் பாருங்க. அஞ்சே அஞ்சு பேர் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தாவியிருந்தா சமம். ஆறாவது ஆள் தாவியிருந்தா சாண்டர்ஸ் ஆறாவது தடவையும் தச்சு வேலைக்குப் போயிருப்பார். அஞ்சாவது தடவைன்னு கீழே இருந்து ஒருத்தர் திருத்துறார். அதைத்தான் சொன்னேன், கணக்குல கெட்டிக்காரங்க.

அந்தப் பத்து பேர் யாராயிருக்கும்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். போலீஸ்காரங்களா இருக்குமோ? ஏன்னா அந்தத் தேர்தல்ல ஊர்க் காவலர்கள் சங்கம் சாண்டர்ஸை ஆதரிச்சது. நம்புங்க. சோசலிஸ்ட்னு நெத்தியில எழுதிட்டு வந்தவருக்கு போலீஸ் ஆதரவு! நம்ம ஊர்ல போலீஸ் அவரை வேற மாதிரி 'ஆதரிச்சு' வண்டியில ஏத்தியிருக்கும். இல்ல, அந்தப் பத்து பேர் சாப்பாட்டுப் பிரியர்களா? அந்த ஊர்ல இத்தாலியச் சாப்பாட்டுக் கடை வெச்சிருந்தவர் ஒருத்தர் மேயர் மேல கோவிச்சுக்கிட்டு சுயேச்சையா நின்னு ஆயிரத்துக்கு மேல ஓட்டைப் பிரிச்சிட்டார். ஆயிரம் பேருக்கு ஸ்பகெட்டி போட்ட கை, மேயரோட இலையை எடுத்துடுச்சு. இல்ல, மேயர் சொத்து வரியை ஏத்தப் பார்த்தாரே, அந்தக் கடுப்புல குத்தினவங்களா? வாடகைக்காரங்களா? மாணவர்களா? இல்ல ஏதோ ஒரு வீட்டுல மாமியாரும் மருமகளும் வாழ்க்கையில முதல் தடவையா ஒரே ஆளுக்குப் போட்டாங்களா? தெரியாது. ஆனா அந்தப் பத்து பேர் இல்லைன்னா பிரதிநிதிகள் சபை இல்ல. செனட் இல்ல. 2016, 2020 ஜனாதிபதி வேட்பாளர் போட்டியும் இல்ல. எதிரணி அண்ணன் இப்ப அடுக்கின அத்தனை அடுக்குக்கும் அடித்தட்டு அந்தப் பத்து ஓட்டு. அதை உருவிப் பாருங்க, மொத்தமும் சரிஞ்சு அண்ணன் தலையிலதான் விழும்.

சரி, அண்ணன் ஒரு குத்தல் போட்டார். நீங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. "முப்பத்தெட்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு மேயர்னா அது மேயரா? பனி அள்ளுற சூப்பர்வைசர்!" இதானே அண்ணே சொன்னீங்க? இதை விட்டுட்டு நான் மேல போனா எனக்குத் தூக்கம் வராது. நடுவர் ஐயா, என் நேரத்துல பாதியை இதுக்கே செலவு பண்ணப் போறேன், அனுமதி கொடுங்க.

முதல்ல தலை எண்ணிக்கை. பர்லிங்டன் சின்ன ஊர், ஒத்துக்கறேன். ஆனா வெர்மான்ட் மட்டும் பெரிய மாநிலமா? மொத்தமே ஆறரை லட்சம் பேர்தான். கலிபோர்னியாவுல கிட்டத்தட்ட நாலு கோடிப் பேருக்கு ரெண்டு செனட்டர். வெர்மான்ட்ல ஆறரை லட்சத்துக்கும் அதே ரெண்டு செனட்டர். தலையை எண்ணித்தான் பெருமைன்னா அண்ணன் தூக்கிப் பிடிக்கிற செனட் நாற்காலிதான் முதல்ல ஆடும். அண்ணே, தராசு எடுத்துட்டு வந்தா ரெண்டு பக்கமும் நிறுக்கணும்.

அடுத்தது பனி. பனி அள்ளுறதுன்னா கேவலமா? இந்த நியூ இங்கிலாந்து மண்ணுல உட்கார்ந்துகிட்டு, ஜனவரி மாசத்துல, வெளியில அது பெய்ஞ்சிட்டிருக்கும்போது ஒரு மனுஷன் இப்படிப் பேசலாமா? பர்லிங்டன்ல ஒரு வருஷத்துக்கு எண்பது அங்குலம் வாக்குல பனி விழும். அதாவது என்னையும் புதைச்சு, என் மேல என் பிள்ளையையும் புதைக்கலாம். உங்களுக்கே அனுபவம் இருக்கும். காலையில எழுந்து வாசல் முழுக்க அள்ளி, உப்புக் கொட்டி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்து காபி டம்ளரைக் கையில எடுப்போம். அப்பத்தான் 'கர்ர்ர்'னு டவுன் வண்டி வரும். தெருவுல கிடந்த பனியையெல்லாம் அள்ளி, நாம சுத்தம் பண்ணின அதே வாசல்ல முழங்கால் உயரத்துக்குக் கட்டிக் கட்டியா ஒதுக்கிட்டுப் போயிடும். அது நாம அள்ளின பஞ்சுப் பனி இல்ல. கல்லு மாதிரி இறுகினது. அப்ப நம்ம வாயில வர்ற தமிழ் இருக்கே, அதைப் பட்டிமன்றத்துல பேச முடியாது.

அந்த நேரத்துல யாருக்கு போன் போடுவீங்க? செனட்டருக்கா? "ஐயா, வாஷிங்டனா? எங்க வாசல்ல பனி கிடக்கு, ஒரு தீர்மானம் போடுங்க"ன்னா? டவுன் ஆபீசுக்குத்தானே போடுவோம்! மேயர் பேரைச் சொல்லித்தானே திட்டுவோம்!

இன்னொண்ணு சொல்றேன், இது விளையாட்டுப் பேச்சு இல்ல. 1979-ல சிகாகோ. மேயர் பேர் மைக்கேல் பிலாண்டிக். பின்னாடி பெரிய கட்சி எந்திரம், அசைக்க முடியாத ஆள். அந்த ஜனவரியில பெரும்பனி கொட்டுச்சு. தெரு திறக்கல, ரயில் ஓடல. பிப்ரவரியில உட்கட்சித் தேர்தல். ஜேன் பைர்ன்கிற அம்மா பனியையே பேச்சாக்கி நின்னாங்க. மேயர் அவுட்! அந்த அம்மா சிகாகோவோட முதல் பெண் மேயர் ஆனாங்க. அவ்வளவு பெரிய ஊர்ல அவ்வளவு பெரிய எந்திரத்தைக் கவிழ்த்தது யாரு? அண்ணன் கேலி பண்ணினாரே, அந்தப் பனி. சட்டத்தை மாத்தி எழுதினதுக்காக நாற்காலி போன செனட்டர் எத்தனை பேர்னு எனக்கு எண்ணத் தெரியல. பனியை அள்ளாம நாற்காலி போன மேயரை ஊருக்கு ஊரு காட்டலாம். அப்ப எந்த வேலை கஷ்டம்?

அண்ணே, நீங்க 'சூப்பர்வைசர்'னு திட்டினதா நினைச்சீங்க. எங்க கட்சி அதைப் பட்டமா எடுத்து மார்புல குத்திக்குது.

அந்த சூப்பர்வைசருக்கு வேலை பார்க்கக் கையாவது விட்டாங்களா? அதையும் கேளுங்க. பர்லிங்டன் நகரமன்றத்துல பதிமூணு உறுப்பினர். சாண்டர்ஸ் பக்கம் ரெண்டு பேர். மீதி பதினொண்ணும் எதிர்ப்பக்கம். வந்ததும் வராததுமா அவங்க பண்ணின முதல் காரியம் என்ன தெரியுமா? மேயரோட செயலாளரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. முறைப்படி எடுக்கலையாம்! அடுத்தது, அதிகாரிகளா யார் யாரை அவர் நியமிச்சாரோ அத்தனை பேரையும் தள்ளுபடி பண்ணினாங்க. மேயர் இருக்கார், சாவி இருக்கு, ஆபீஸ் இருக்கு, ஆள் இல்ல. பழைய மேயர் வெச்ச அதே அதிகாரிகளை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டணும். நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? 'உடம்பு சரியில்ல'ன்னு லீவு போட்டுடுவோம். அவர் நண்பர்களையும் ஆதரவாளர்களையும் கூட்டி, சம்பளம் இல்லாம, சாயங்காலம் ஆனா உட்கார வெச்சு, வரவு செலவுக் கணக்கைப் புரட்டினார். அடுத்த வருஷம் நகரமன்றத் தேர்தல்ல அவர் ஆட்கள் ஜெயிச்சு உள்ள வந்தாங்க. அதுக்கப்புறம்தான் அதிகாரிகளை வைக்கவே முடிஞ்சது.

வெச்ச பிறகு என்ன பண்ணினார்? ஊர்ச் சொத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறது காலங்காலமா டெண்டர் இல்லாமலே போயிட்டிருந்தது. டெண்டர் விட்டார். பணம் மிச்சம். நகராட்சிக் கணக்கைக் குடைஞ்சதுல யாருக்கும் தெரியாம கிடந்த உபரி, பத்து லட்சம் டாலரைத் தாண்டி, வெளிய வந்தது. சோசலிஸ்ட் வந்தா கஜானாவைக் காலி பண்ணிடுவார்னு பயந்த ஊர்ல, கஜானாவுல பணம் இருக்குன்னு கண்டுபிடிச்சதே சோசலிஸ்ட்தான்! சின்ன லீக் பேஸ்பால் அணி ஒண்ணையும் ஊருக்குக் கொண்டு வந்தார். அணி பேர் என்ன தெரியுமா? வெர்மான்ட் ரெட்ஸ். சிவப்பு! அவர் வெச்ச பேர் இல்ல, சின்சினாட்டி ரெட்ஸோட கிளை அணி, அதனால அந்தப் பேர். ஆனா ஊர்க்காரங்க விடுவாங்களா? 'பர்லிங்டன் மக்கள் குடியரசு'ன்னு பனியன் அடிச்சு வித்தாங்க. அந்தச் சிவப்பு அணி 1984, 85, 86-னு தொடர்ந்து மூணு வருஷம் லீக் கோப்பையைத் தூக்குச்சு. அண்ணே, செனட் எந்தக் கோப்பையைத் தூக்குச்சு?

1987-ல நாட்டுப்பாடல் கேசட் கூட ஒண்ணு போட்டார். முப்பது உள்ளூர்க் கலைஞர்கள் பாடினாங்க. மேயருக்குப் பாட வரல. வரலைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணினாங்க? 'நீங்க பாட வேண்டாம், பேசுங்க'ன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி எல்லாரும் பாடுறாங்க, முன்னாடி இவர் பேசுறார். உலகத்திலேயே பட்டிமன்றப் பேச்சைக் கேசட்ல பாட்டா போட்ட ஒரே மேயர்!

எல்லாத்துலயும் ஜெயிச்சார்னு நான் புளுகப் போறதில்ல. ஏரிக்கரை விஷயத்துல அவரே கொண்டு வந்த பெரிய கட்டடத் திட்டம் 1985-ல மக்கள் ஓட்டுக்குப் போச்சு. மூணுல ரெண்டு பங்கு வேணும். பாதிக்கு மேல கிடைச்சது, மூணுல ரெண்டு கிடைக்கல. திட்டம் விழுந்தது. எதிரணியில அடுத்துப் பேசப் போற தங்கச்சி அதைக் குறிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரியும், அதான் நானே சொல்லிட்டேன். தங்கச்சி, சீட்டை மடிச்சு வெச்சுக்கம்மா. விழுந்த மேயர் அங்கேயே உட்கார்ந்து அழல. கரை நிலம் யாருக்குச் சொந்தம்னு மாநிலமும் நகரமும் ரயில்வே கம்பெனியோட கோர்ட்டுக்குப் போச்சு. அவர் பதவியை விட்ட 1989-லயே வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: ஏரியைத் தூர்த்து உண்டான நிலம், பொதுக் காரியத்துக்குத்தான். இன்னைக்கு அங்க போனா பூங்கா இருக்கு, சைக்கிள் பாதை இருக்கு, சாயங்காலம் புல்லுல உட்கார்ந்து சூரியன் ஏரிக்குள்ள இறங்குறதைக் காசு கொடுக்காம பார்க்கலாம். போன கோடையில நாங்க போனோம். என் வீட்டுக்காரர் கிளம்பவே மாட்டேன்னுட்டார். இங்க வந்து எதிரணிக்குக் கை தட்டுறார்.

இப்ப நாடாளுமன்றத்துக்கு வரேன். வராம போனா பயந்துட்டேன்னு சொல்வீங்க.

எதிரணித் தலைவர் எட்டரை மணி நேரப் பேச்சைச் சொன்னார். 2010 டிசம்பர் 10. வரிச்சலுகை நீட்டிப்பை எதிர்த்து செனட்ல நின்னுக்கிட்டே காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும். நல்ல பேச்சு, மறுக்கல. பேசி முடிச்சதும் என்ன ஆச்சு? அதை மட்டும் அண்ணன் சொல்லலையே? அடுத்த வாரமே மசோதா 81-க்கு 19-னு நிறைவேறிடுச்சு! எட்டரை மணி நேரம் பேசியும் தோத்தவரைச் சாதனையாளர்னு காட்டுறீங்க. எனக்குப் பதினஞ்சு நிமிஷத்துல மணி அடிக்கிறீங்க. நடுவர் ஐயா, செனட்ல சுவருக்குப் பேசினா மணி இல்ல, பொங்கல் விழாவுல மனுஷங்களுக்குப் பேசினா மணி! இது என்ன ஜனநாயகம்?

அவரே முன்மொழிஞ்சு அவர் பேர்லயே சட்டமானது எத்தனைன்னு தேடினேன். விரல் விட்டு எண்ணுற அளவுதான் கிடைச்சது. அதுல ரெண்டு, தபால் நிலையத்துக்குப் பேர் வைக்கிற சட்டம். 2006-ல ஃபேர் ஹேவன்ல ஒண்ணு, 2014-ல டான்வில்ல ஒண்ணு. வெச்ச பேர் நல்ல பேர்தான், கிண்டல் பண்ண மாட்டேன். மேத்யூ லயன், ஜனாதிபதியை எதிர்த்து எழுதினதுக்காக 1798-ல சிறைக்குப் போய், சிறையில இருந்தே மறுபடி ஜெயிச்சவர். தாடியஸ் ஸ்டீவன்ஸ், அடிமை முறையை எதிர்த்து அதே நாடாளுமன்றத்துல முழங்கினவர், டான்வில்ல பொறந்தவர். பெரிய மனுஷங்க. ஆனா பேர் வைக்கிறதுக்கு நாடாளுமன்றம் வேணுமா ஐயா? நம்ம வீட்டுல அத்தை வைப்பாங்க.

கீழே இருந்து ஒருத்தர் 'திருத்தம், திருத்தம்'னு கத்துறார். ஆமா, எதிர்க்கட்சி கையில சபை இருந்த காலத்துல, மசோதாக்கள்ல வாக்கெடுப்புக்கு விட்டு அதிகத் திருத்தங்களை ஜெயிச்சவர் அவர்தான்னு சொல்றாங்க. அதை நானும் ஒத்துக்கறேன். அந்த வித்தையை எங்க கத்துக்கிட்டார்? ரெண்டு பேரை வெச்சுக்கிட்டுப் பதினொரு பேரோட மல்லுக்கட்டின நகரமன்றத்துல! எதிராளி நிறைஞ்ச சபையில ஒவ்வொரு ஓட்டா பேசிப் பொறுக்குறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தது பர்லிங்டன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்னு சொல்லுவாங்க. இவர் கூரையில எட்டு வருஷம் கோழி பிடிச்சிட்டுத்தான் வைகுண்டம் போனார். அங்க போயும் கோழிதான் பிடிச்சார்!

சந்தேகமா? 1999-ல என்ன பண்ணினார்? மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென்னு ஒரு மாத்திரை. அமெரிக்காவுல யானை விலை. எல்லை தாண்டி கனடா போனா அதே மாத்திரை பத்துல ஒரு பங்கு விலை. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்னா என்ன பண்ணணும்? கமிட்டி, அறிக்கை, விசாரணை, மறு விசாரணை. இவர் என்ன பண்ணினார்? வெர்மான்ட் பெண்களை ஒரு பஸ்ல ஏத்தி மாண்ட்ரியலுக்குக் கூட்டிட்டுப் போய், மருந்துக்கடையில நிறுத்தி, மாத்திரை வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்தார். பஸ் பிடிக்கிறது எந்தப் புத்தி? அது மேயர் புத்தி! 'சட்டம் வரும்போது வரட்டும், இந்த மாசத்து மாத்திரைக்கு வழி என்ன'ன்னு கேட்கிற புத்தி. எதிரணி இதைத் தங்கள் கணக்குல எழுதியிருந்தாங்க. அழிச்சிட்டு எங்க கணக்குல எழுதிக்கங்க ஐயா.

2021-ல ஜனாதிபதி பதவியேற்பு விழாவுல கம்பளிக் கையுறையைப் போட்டுக்கிட்டு ஒரு மடக்கு நாற்காலியில குளிர்ல குறுகி உட்கார்ந்திருந்தாரே, உலகமே பார்த்துச்சே, அது செனட்டர் உட்கார்ற மாதிரியா இருந்தது? அது பனி அள்ளுற சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார் ஐயா!

முதல் மணி அடிச்சிட்டீங்க. தெரியுது. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன். இது வரைக்கும் சிரிச்சோம்.

சாண்டர்ஸோட அப்பா போலந்துலேருந்து பதினேழு வயசுல கையில ஒண்ணும் இல்லாம வந்தவர். பின்னாடி அங்க தங்கின சொந்தக்காரங்கள்ல பலரை நாஜிகள் கொன்னுட்டாங்க. அப்பாவுக்குப் பெயின்ட் விக்கிற வேலை. புரூக்ளின்ல மூணரை அறை வாடகை வீடு. அண்ணனும் தம்பியும் கூடத்துல சோபாவுல படுப்பாங்க. வீட்டுல சண்டைன்னு வந்தா அது பணத்தைப் பத்தித்தான். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. நகை இல்ல, கார் இல்ல. சொந்தமா ஒரு வீடு. வாடகைக்காரி இல்லைன்னு சொல்லிக்கிற மாதிரி ஒரு வீடு. நாற்பத்தாறு வயசுல, அந்த வாடகை வீட்டுக்காரியாவே போய்ச் சேர்ந்துட்டாங்க. கொஞ்ச நாள்ல அப்பாவும். மகனுக்கு அப்பத்தான் இருபது வயசு, இருபத்தொண்ணு.

இங்க உட்கார்ந்திருக்கிற நம்ம எல்லாருக்கும் அந்த அம்மாவைத் தெரியும். ஊர்ல சீட்டுப் பிடிச்சு, வளையலை அடகு வெச்சு, 'மனையாவது ஒண்ணு வாங்கிப் போட்டுடணும்'னு சொல்லிச் சொல்லியே வாடகை வீட்டுல காலத்தை ஓட்டினவங்க வயித்துல பொறந்தவங்கதானே நாம.

அந்த மகன் 1984-ல, மேயரா இருந்தப்ப, நகராட்சிப் பணத்தைப் போட்டு ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்கி வெச்சார். வேலை எப்படின்னா, நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். வீட்டை மட்டும் குடும்பம் வாங்குது. நிலத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், அதனால விலை கைக்கு எட்டுது. என்னைக்காவது வித்துட்டுக் கிளம்பினா, போட்ட பணம் திரும்ப வரும், விலை ஏறின லாபத்துல கால் பங்கும் வரும். மீதி லாபம் வீட்டோடவே தங்கிடும். அடுத்து வர்ற குடும்பத்துக்கும் அதே மாதிரி கைக்கு எட்டுற விலை. முதல்ல வாங்கினவங்க போயாச்சு, ரெண்டாவது குடும்பம் வந்தாச்சு, சில வீட்டுல மூணாவது குடும்பமும் வந்தாச்சு. அந்த அறக்கட்டளை பக்கத்துல இருந்த இன்னொரு வீட்டு வசதி அமைப்போட சேர்ந்து இன்னைக்கு இந்த நாட்டிலேயே பெரிய நில அறக்கட்டளையா வளர்ந்திருக்கு. 2008-ல உலக வாழ்விட விருது வாங்கிட்டு வந்தாங்க.

அந்த வீட்டுல குடியிருக்கிற ஒரு அம்மாவுக்குச் செனட்ல யார் எத்தனை மணி நேரம் பேசினாங்கன்னு தெரியாம இருக்கலாம். அவங்க பேர்ல பத்திரம் இருக்கு. சுவத்துல ஆணி அடிக்க யார்கிட்டயும் கேட்க வேண்டாம். பிள்ளை கூடத்துல படுக்க வேண்டாம். வாடகைத் தேதி வந்தா வயித்துல புளியைக் கரைக்க வேண்டாம். பெத்த அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க முடியாததை முகம் தெரியாத அம்மாக்களுக்கு வாங்கிக் கொடுத்துட்டார் ஐயா. இதுல நகரமன்றம் பெருசா நாடாளுமன்றம் பெருசான்னு கணக்குப் பார்க்க எனக்கு மனசு வரல. எதிரணி பார்த்துக்கட்டும்.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைச்சுக்கிறார், இப்ப சரியான பக்கத்துக்கு வந்துட்டார். தங்கச்சி, மைக்கை எடுத்துக்கம்மா. அந்த அம்மாவுக்கு எதிரா என்ன பேசப் போறேன்னு நானும் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.